மணல்மேடா, பைன் காடா: நிதானமான குதிரைச் சவாரிக்கு எந்த வழி?

கடலோரத்தில் குதிரைச் சவாரி நடத்துகிறவர்கள் பெரும்பாலும் மூன்று வழிகளைச் சொல்வார்கள்: மணல்மேடுகள் மட்டும், காடு மட்டும், இரண்டும் கலந்தது. விளம்பரப் படத்தில் வருவது என்னவோ எப்போதும் முதலாவதுதான். வெயிலில் மின்னும் மணல் முகடு, அதன்மேல் வரிசையாகக் குதிரைகள், பின்னால் கடல். அந்தப் படத்தைப் பார்த்து இடம் பிடிக்கிறவர்களில் பலர் குதிரைமேல் முதன்முறையாக ஏறப்போகிறவர்கள். அவர்களுக்கு நான் சொல்வது நேர்மாறானது. பதற்றமில்லாத சவாரிதான் வேண்டும் என்றால் நேரத்தின் பெரும்பகுதி காட்டுக்குள் கழியட்டும். மணல்மேடு நடுவில் சிறிது நேரம் வந்து போகட்டும். காரணங்கள் பெரும்பாலும் குதிரையின் குளம்படியில் கிடக்கின்றன.

மணலும் காடும் இப்படி ஒட்டிக்கொண்டு இருப்பது பல இடங்களில் மனிதர் செய்த ஏற்பாடு. பிரான்சின் தென்மேற்குக் கரையில், நகர்ந்து வரும் மணலை நிறுத்துவதற்காக 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கடலோர பைன் மரங்களை நட்டார்கள். இன்றைய லாந்து காட்டின் கடலோரப் பகுதி அப்படித்தான் உருவானது. அதன் ஓரத்திலேயே, சுமார் 100 மீட்டர் உயரத்தில் நிற்கிற பிலா மணல்மேடு இன்னும் அடங்கவில்லை. ஆண்டுக்குச் சில மீட்டர் உள்நாட்டுப் பக்கம் நகர்ந்து அதே பைன் மரங்களை விழுங்கிக்கொண்டிருக்கிறது. ஸ்காட்லாந்தின் கல்பின் பகுதியும் மணல் மூடிக் கிடந்த நிலம்தான். 20ஆம் நூற்றாண்டில் அங்கே காடு வளர்த்தார்கள். ஸ்பெயினின் தொன்யானாவில் கதை வேறு. அங்கே மணல்மேடுகள் நகர நகர, இரண்டு மேடுகளுக்கு இடையே பைன் தோப்புகள் சிறைப்பட்டு நிற்கின்றன. ஆகவே காட்டு வழி என்று இங்கே சொல்வதும் பெரும்பாலும் மணல்மேல் போகிற வழிதான். அந்த மணல்மேல் பைன் ஊசியிலைகள் மெத்தையாகப் படிந்திருக்கின்றன, வேர்கள் அதை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. வேறுபாடெல்லாம் அதிலிருந்துதான் தொடங்குகிறது.

உலர்ந்த ஆழ மணலில் குளம்பு ஒவ்வொரு அடியிலும் புதைகிறது. மண் தரையில் குதிரை காலை ஊன்றினால் தரை அதைத் திருப்பி உந்தும். மணல் அந்த உந்தலை விழுங்கிவிடும். அதே தூரத்துக்குக் குதிரை கூடுதலாக உழைக்கிறது, சீக்கிரம் வியர்க்கிறது, மூச்சு வாங்குகிறது. அதிர்ச்சி குறைவு என்பது உண்மை, ஆனால் முன்னங்கால் தசைநாண்களில் இழுவிசை ஏறுகிறது. ஈரம் படிந்து இறுகிய கடற்கரை மணலுக்கும் முகட்டு மணலுக்கும் இதில் பெரிய வித்தியாசம் உண்டு. அலை விலகிச் சென்ற இறுகிய பட்டையில் குதிரை இயல்பாக நடக்கும். மேட்டில் அந்த வசதி இல்லை. சாதாரணத் தரையில் மணிக்கு 6 அல்லது 7 கிலோமீட்டர் நடக்கிற குதிரை இங்கே தளர்ந்துவிடும். அப்படித் தளர்ந்தால் நல்லதுதான். சிக்கல் என்னவென்றால், பல குதிரைகள் தளர்வதில்லை. ஏற்றத்தைச் சட்டென்று தாண்டிவிட எண்ணி உந்தி உந்தி ஏறும்.

அந்த உந்தலில்தான் புதியவர் தடுமாறுகிறார். குதிரை முன்னே பாய, அவர் உடல் பின்னே சாய, சமநிலைக்காகக் கைகள் தாமாகவே கடிவாள வாரை இழுக்கின்றன. அந்த இழுப்பு நேராகக் குதிரையின் வாயில் விழுகிறது. ஏற்றத்தில் இடுப்பிலிருந்து சற்று முன்னால் சாய்ந்து, வாரைத் தளர்த்தி, பிடரிமயிரை ஒரு கையால் பற்றிக்கொள்ள வேண்டும் என்று நல்ல வழிகாட்டி மேடு வருவதற்கு முன்பே சொல்லிவிடுவார். பிடரிமயிரைப் பற்றினால் குதிரைக்கு வலிக்காது, தயங்க வேண்டாம். இறக்கத்தில் இதற்கு மாறாக நிமிர்ந்து உட்கார வேண்டும். குதிகால் தாழ்ந்திருக்க வேண்டும். நிற்கும்போதே குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு முன்னங்கால்களில்தான் இருக்கிறது. இறங்கும்போது அது இன்னும் கூடும். அதற்கு மேல் நீங்களும் முன்னால் தொங்கினால் குதிரை தடுக்கிக்கொள்ளும். இதையெல்லாம் ஒரு மணி நேரம் நினைவில் வைத்துக்கொண்டே இருப்பவருக்குக் கடல் கண்ணில் படுமா என்பது எனக்குச் சந்தேகம்.

காட்டில் இந்தப் பாடம் அனேகமாகத் தேவைப்படாது. தடம் சமமாக இருக்கும், குளம்பொலி ஊசியிலைகளில் அமுங்கிவிடும், குதிரையின் நடை ஒரே தாளத்தில் போகும். நான்கு கால்களும் தனித்தனியே ஊன்றுகிற அந்த நாலடித் தாளம் இடுப்பைத் தானாகவே முன்னும் பின்னும் அசைக்கிறது. சற்று நேரத்தில் தோள் இறங்கும், மூச்சு சீராகும். குதிரைமேல் அமரப் பழகுவதற்கு இதைவிட நல்ல தரை கிடையாது. பைன் வேர்கள் தடத்தில் குறுக்கே ஓடும் என்பது உண்மைதான். ஆனால் வாரைத் தளர விட்டால் குதிரையே தலையைத் தாழ்த்திப் பார்த்துக் காலை வைக்கும். மனிதர் பார்த்துக்கொள்ள வேண்டியது கிளைகளை மட்டுமே. கிளையைக் கையால் விலக்கிவிட்டுப் போனால் அது வீசி எழுந்து பின்னால் வருகிறவர் முகத்தில் அடிக்கும். குனிந்து போவதே முறை.

கண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் தன்னைச் சுற்றி ஏறத்தாழ முழு வட்டத்தையும் அது பார்க்கிறது. மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. திறந்த மணல்மேட்டில் இது குதிரைக்கு வரமும் தொல்லையும். எது வருகிறது என்று தூரத்திலேயே தெரிந்துவிடுகிறது; ஆனால் பறக்கும் நெகிழிப் பை, பட்டம், ஓடி வரும் நாய் எல்லாமே தெரிந்துவிடுகிறது. மேலும் காற்று பலமாக வீசும்போது ஓசை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பிரித்தறிவது கடினம். அமைதியான குதிரையும் அன்று கொஞ்சம் விறைப்பாகவே இருக்கும். காட்டுக்குள் காற்று அடங்கிவிடுகிறது. எனினும் காட்டுக்கும் ஒரு பொறி உண்டு: அதன் வாசல். வெளிச்சத்திலிருந்து இருளுக்குப் பழகக் குதிரையின் கண்ணுக்கு நம் கண்ணைவிட அதிக நேரம் பிடிக்கும். வெள்ளை வெயிலிலிருந்து நிழலுக்குள் நுழைகிற இடத்தில் அது தயங்கி நிற்பது பிடிவாதம் அல்ல. அங்கே குதிகாலால் குத்தி விரட்டச் சொல்கிற வழிகாட்டியைவிட, அரை நிமிடம் நிற்க விடுகிறவர் தேர்ந்தவர்.

பூச்சி விஷயத்தில் மணல்மேடு முந்துகிறது, சந்தேகமே இல்லை. காற்றோட்டமான முகட்டில் குதிரை ஈக்கள் நிலைத்து உட்கார முடியாது. காற்றில்லாத வெப்பநாளில் காட்டின் விளிம்பில் அவை குதிரையையும் விடாது, உங்களையும் விடாது. காலை உதைத்து, தலையை உதறி, வாலை வீசிக்கொண்டு நடக்கிற குதிரைமேல் நிதானம் என்பது பேச்சளவில்தான். உண்ணிகளோ காட்டிலும் உண்டு, மேடுகளுக்கு இடைப்பட்ட புதர்களிலும் உண்டு. லைம் நோயைப் பரப்பும் உண்ணிகள் உள்ள நாடுகளில் நீளக் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்வதும், திரும்பியதும் முழங்காலின் பின்புறத்தைச் சோதிப்பதும் நல்லது. வெயிலுக்குக் காடுதான். உலர்ந்த கடல்மணல் தன்மேல் விழும் புற ஊதாக் கதிர்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டை மேல்நோக்கித் திருப்பி அனுப்புகிறது. தொப்பியோ ஹெல்மெட் விளிம்போ அந்தக் கீழிருந்து வரும் வெயிலைத் தடுக்காது.

இவ்வளவு சொன்னபிறகு மணல்மேட்டை ஒதுக்கிவிடலாமா? கூடாது. காட்டில் முகட்டுக்கு ஈடான ஒரு காட்சி கிடையாது. சேணத்தில் உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து இரண்டு மீட்டருக்கும் மேலே இருக்கிறது; அதோடு மேட்டின் உயரமும் சேரும்போது, நடந்து போகிறவர் காணாத கடல் தெரிகிறது. சங்கப் பாடல்களின் நெய்தல் தலைவனும் குதிரை பூட்டிய தேரில்தான் மணலைக் கடந்து வந்தான். அவன் ஏன் ஊரைச் சுற்றி நல்ல பாதையில் வரவில்லை என்று கேட்கிறவர் அந்த முகட்டில் ஒருமுறை நிற்க வேண்டும். தவிர, கடலிலிருந்து உள்நாடு நோக்கிப் போகும்போது நிலம் மாறுவதைக் கண்ணால் படிக்கலாம். முதலில் வெறும் மணல், பிறகு மணலைப் பிடித்து நிறுத்தும் மாரம் புல், பிறகு பாசி படர்ந்து சாம்பல் நிறமான பழைய மேடுகள், ஈரப் பள்ளங்கள், புதர், கடைசியில் மரங்கள். காட்டு வழி மட்டும் போகிறவருக்கு இந்த வரிசையின் கடைசி வரி மட்டுமே கிடைக்கிறது.

அந்த மாரம் புல்தான் மணல்மேட்டுச் சவாரிக்கு இத்தனை விதிகள் இருப்பதற்குக் காரணம். அதன் வேர்களும் நிலத்தடித் தண்டுகளும்தான் மேட்டைக் கட்டிவைத்திருக்கின்றன. 500 கிலோ எடையுள்ள குதிரை அதன்மேல் திரும்பத் திரும்ப நடந்தால் புல் அழியும், காற்று அந்த இடத்தைக் குடைந்து பள்ளமாக்கும், பள்ளம் பெருகும். நெதர்லாந்தில் குறிக்கப்பட்ட குதிரைத் தடங்களை விட்டு விலகக் கூடாது. பல கரைகளில் தரையில் முட்டையிடும் பறவைகளின் காலத்தில் சில பகுதிகளையே மூடிவிடுவார்கள். எனவே படத்தில் பார்த்தபடி முகடு முகடாக விருப்பம்போல் திரிவது சட்டப்படி நடத்தப்படும் சவாரிகளில் அரிது. அப்படித் திரிய விடுகிற நிறுவனத்தைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் வராது. காடும் எப்போதும் திறந்திருப்பதில்லை: கோடையில் தீ அபாயம் உச்சத்துக்குப் போனால் பைன் காடுகளை மூடுவார்கள், புயல் காற்று நாளில் கிளை விழும் என்பதால் வழிகாட்டிகளே மறுத்துவிடுவார்கள்.

இனி கலப்பு வழி. இங்கே கேட்க வேண்டியது எவ்வளவு மணல், எவ்வளவு காடு என்பதைவிட, எது முதலில் என்பதுதான். லாயத்திலிருந்து நேரே மேட்டில் ஏறுகிற வழிகள் எனக்கு உடன்பாடு இல்லை. குதிரையின் தசைகள் இன்னும் சூடேறவில்லை, சவாரிக்காரர் அங்கவடியின் நீளத்தைக்கூட இன்னும் உணரவில்லை. சேணத்தின் வயிற்றுவார் முதல் பத்து பதினைந்து நிமிட நடையில் சற்றுத் தளர்வது வழக்கம். வழிகாட்டி அதை மறுபடி இறுக்காமல் ஏற்றத்தில் விட்டால் சேணம் பின்னால் சரியும். காட்டில் தொடங்கினால் இதெல்லாம் தானாகவே சரியாகிவிடும். திரும்பும் வழியும் காடாக இருந்தால் இன்னொரு நன்மை. லாயம் நோக்கித் திரும்பியதும் குதிரைகள் வேகம் பிடிக்கும். எல்லாக் குதிரைக்கும் உள்ள குணம். அகன்ற மணல்வெளியில் அந்த நேரத்தில் ஒன்று முந்தினால் மற்றவையும் கூடவே ஓடப் பார்க்கும். குறுகிய காட்டுத் தடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக, முன்னே வழிகாட்டியின் குதிரை அடைத்துக்கொண்டு நடக்க, வேறு வழியில்லாமல் எல்லாம் அடங்கி நடக்கும். காடு, மேடு, காடு என்ற வரிசைக்கு நான் முழு மதிப்பெண் தருவேன். மேடு, காடு என்று முடிவது பரவாயில்லை. காட்டில் புகுந்து மேட்டு வழியாகவே லாயம் திரும்புவது புதியவருக்கு ஆகாது.

குதிரையின் இனத்தைப் பார்த்து வழியைத் தேர்வு செய்கிறவர்களும் உண்டு. பரந்த முதுகும் தடித்த கால்களும் கொண்ட நார்வேயின் ஃபியோர்டு குதிரை மணலுக்கும் காட்டுக்கும் ஒத்துப்போகும். உயரம் குறைவு என்பதால் விழுந்துவிடுவோமோ என்ற அச்சமும் குறையும். தெற்கு பிரான்சின் கமார்க் குதிரை கறுப்பாகப் பிறந்து வளர வளர வெளுக்கும். சதுப்பு நிலத்தில் பழகியது, நிலையான கால். ஐஸ்லாந்துக் குதிரையின் டோல்ட் எனும் நடையில் குலுக்கல் அனேகமாக இல்லை, அதனால் வேகமும் வேண்டும், இடுப்பும் வலிக்கக் கூடாது என்பவருக்கு அது பொருந்தும். ஆனால் அந்த நடை அழகாக வெளிப்படுவது இறுகிய தரையில்தான். ஆழ மணலில் போய் அதை எதிர்பார்க்க வேண்டாம். எந்த இனமானாலும் சவாரிக்காரரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் வரம்பு. மணலில் அந்த வரம்புக்கும் கீழேயே நிற்பது குதிரைக்கு நியாயம். உங்கள் எடையைத் தொலைபேசியிலேயே கேட்கிற நிறுவனத்தைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சேணத்தில் பெரிய விவாதம் வேண்டியதில்லை. முன்னால் கொம்பு வைத்த மேற்கத்தியச் சேணம் கனமானது, அகலமானது, புதியவருக்குப் பற்றுக்கோல் தரும். மேட்டு வழிக்கு அது வசதி. இலேசான ஆங்கிலச் சேணம் காட்டு நடைக்குப் போதும்.

குழந்தையோடு போகிறவர், முதுகுவலி உள்ளவர், உயரத்தைக் கண்டு அஞ்சுகிறவர் ஆகியோருக்குக் காட்டு வழி மட்டுமே போதும். ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், உள்தொடைத் தசை அதற்குமேல் கெஞ்ச ஆரம்பிக்கும். குதிரையின் துள்ளுநடையில் சமாளித்து உட்காரத் தெரிந்தவர் கலப்பு வழியில் இரண்டு மணி நேரம் தாராளமாகப் போகலாம். மேடு மட்டும் என்ற வழியை, பாய்ச்சலிலும் நிலைகுலையாதவருக்கு விட்டுவிடுவேன். அவரும் காலை வேளையில், ஈரம் காயுமுன், சிறு குழுவில் போவது நல்லது.

பதிவு செய்யும்போது மூன்று கேள்விகள் கேட்டால் போதும்: மேட்டை எந்தப் பக்கத்திலிருந்து ஏறுவோம், வயிற்றுவாரை எங்கே நிறுத்தி இறுக்குவீர்கள், வழியில் குதிரைகளை மேய விடுவீர்களா? கடைசிக் கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். மணல் நிலத்தில் மேயும் குதிரை புல்லோடு மணலையும் விழுங்கும். அது குடலில் தேங்கிக் கடும் வயிற்றுவலியில் கொண்டுபோய் விடும். விடமாட்டோம் என்று சட்டென்று பதில் வந்தால் அங்கேயே இடம் பிடித்துவிடலாம்.