ஒரே லென்ஸ் என்றால் எது? 18-135, 18-300, நடுவில் மாடு விட்ட புழுதி

சோனி ஏ6400 கேமரா வாங்கியபோது கூடவே வந்த 16-50 லென்ஸ், பிறகு பழையதாக வாங்கிய 55-210 (எண்கள் மில்லிமீட்டரில்; சின்ன எண் அகலமான காட்சிக்கு, பெரிய எண் தூரத்தை இழுக்க). இரண்டு வருடம் இந்த ஜோடியை வைத்தே ஓட்டினேன். இரண்டும் சேர்ந்தால்கூட அரைக் கிலோ வராது. அந்த நிம்மதியைக் கெடுத்தது அணைக்கட்டுப் பக்கம் நடந்த ஒரு மாடு விடும் திருவிழா.

நம் வேலூர்ப் பக்கத்து வழக்கம் ஜல்லிக்கட்டு மாதிரி இல்லை. யாரும் திமிலைப் பிடிப்பதில்லை. இரு பக்கமும் தடுப்பு கட்டிய வீதியில் மாடு ஓடும், எல்லையைத் தொட எத்தனை நொடி என்பதுதான் கணக்கு. தூரத்தில் கிளம்பும் மாட்டுக்கு நீண்ட லென்ஸ் வேண்டும். சில நொடியில் அது நம் முன்னால் பாயும்போது அகலமான லென்ஸ் வேண்டும். நானும் புழுதிக்கு நடுவே நின்று மாற்றி மாற்றிப் போட்டேன். அன்று எடுத்த படங்களில் குறை ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வாரம் கோட்டை அகழியை எஃப்11 வைத்து எடுத்தேன் (எஃப் எண் கூடக் கூட லென்ஸில் ஒளி நுழையும் துளை சுருங்கும்). வானத்தில் மிளகுத்தூள் தூவியது போலப் புள்ளிகள். லென்ஸ் மாற்றும்போது சென்சாரில், அதாவது படத்தைப் பதியும் சில்லில், ஒட்டிய தூசி.

மாடு ஓடும்போது ஷட்டர் வேகத்துக்காக அப்பர்ச்சரை, அதாவது அந்தத் துளையை, முழுக்கத் திறந்து வைத்திருந்தேன், அதனால் தூசியின் நிழல் மங்கிக் கரைந்துவிட்டது. அப்பர்ச்சரைச் சுருக்கினால் அதே நிழல் கூர்மையாக விழும். பழைய டிஎஸ்எல்ஆர் வகைக் கேமராவில் சென்சாருக்கு முன்னால் கண்ணாடியும் மூடிய ஷட்டரும் நிற்கும். என் கேமராவில் லென்ஸைக் கழற்றினால் சென்சார் திறந்த வீடுதான். துடைக்கக் கொடுத்த இடத்தில் புள்ளிகள் போய் ஒரு கோடு வந்தது. மறுபடி கொடுத்து, இன்னொரு வாரம் காத்திருந்தேன். கழற்றாமலே இருக்கும் லென்ஸ் ஒன்று வேண்டும் என்று அப்போதுதான் முடிவெடுத்தேன்.

கையில் இருந்த வாய்ப்பு இரண்டு: சோனி 18-135, டாம்ரான் 18-300.

18-135 என் மச்சானிடம் இருக்கிறது, ஒரு மாதம் கடன் வாங்கி வைத்திருந்தேன். 325 கிராம்தான், கழுத்தில் தொங்குவதே தெரியாது. படம் நல்ல கூர்மை, ஃபோகஸ் சத்தமில்லாமல் பிடிக்கும், கை நடுக்கத்தைத் தாங்கும் வசதியும் உண்டு. ஏ6400 உடலில் அந்த வசதி கிடையாது என்பதால் லென்ஸில் இருந்தே ஆக வேண்டும். குடும்பத்தோடு ஏலகிரி, வீட்டு விசேஷம் என்று படம் எடுப்பவர்கள் மேலே படிக்காமல் இதையே வாங்கலாம். (ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குள் கேமராவே விட மாட்டார்கள், அங்கே எந்த லென்ஸும் ஒன்றுதான்.)

நான் வாங்கியது 18-300. எடை 620 கிராம், பேட்டரி போட்ட என் கேமராவே 403 கிராம்தான். தலை கனத்த பொம்மை மாதிரி முன்பக்கம் சாயும், இடது கையால் லென்ஸைத் தாங்கித்தான் பிடிக்க வேண்டும். முதல் வாரம் வருத்தப்பட்டேன் என்றே சொல்லலாம்.

ஆனால் இது ஈரம் புகாதபடி கட்டப்பட்ட லென்ஸ், கேமராவில் பொருந்தும் மவுண்டைச் சுற்றி ரப்பர் வளையம் இருக்கிறது. 18-135இல் அது இல்லை. புழுதியில் நிற்பவனுக்கு அந்த வளையமே பாதி நிம்மதி. ஜூம் செய்தால் இதுவும் குழல் நீண்டு வெளியே வரும், காற்றை உறிஞ்சும். லென்ஸுக்குள் நாலு தூசி போனால் படத்தில் பெரும்பாலும் தெரியாது, சென்சாரில் ஒன்று ஒட்டினாலே தெரியும். அதனால் மாடு ஓடி முடிந்ததும் நீண்ட குழலை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுத்தான் உள்ளே இழுக்கிறேன்.

தை முதல் பங்குனி வரை திருவிழாக்களுக்குக் கொண்டுபோன பிறகு சோதித்தேன். எஃப்16 வைத்து, ஃபோகஸ் கலைத்து, வெள்ளைச் சுவரை ஒரு படம். இரண்டு புள்ளிகள், ப்ளோயரில் ஊதியதும் போய்விட்டன. இது ஒரே பருவத்து அனுபவம்தான். மழையைப் பொறுத்தவரை ஒரு தூறலில் மட்டும் நனைந்திருக்கிறது, அதை வைத்து உத்தரவாதம் தர மாட்டேன்.

300இன் நீளம் மாட்டுக்குப் போதும். எதிர்பாராமல் கிடைத்த லாபம் இன்னொன்று: 18இல் வைத்தால் பதினைந்து சென்டிமீட்டர் வரை கிட்டே போகலாம். ஜவ்வாது மலையில் சாமைக் கதிர் ஒவ்வொன்றையும் அப்படி எடுத்தேன்.

இருட்டில் இது உதவாது. 300இல் எஃப்6.3தான், பொழுது சாய்ந்தாலே ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் அளவு) எகிறும். 18-135 எஃப்5.6இல் நிற்கும், ஆனால் அந்தச் சின்ன வித்தியாசம் தெருக்கூத்து மேடைக்குப் பற்றாது. கூத்துக்கு 35 எஃப்1.8 ஒன்று தனியாக வைத்திருக்கிறேன். ஆக, லென்ஸ் மாற்றும் வேலை முழுக்க ஒழியவில்லை. ஆனால் இப்போது வீட்டிலேயே மாற்றிவிடுகிறேன்: மின்விசிறியை நிறுத்தி, கேமராவின் வாய் தரையைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு.