வட அந்தமான் போட்டோ டூருக்கு அட்வான்ஸ் கேட்கிறார்களா? கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

புதுச்சேரி, கடலூர் பக்கம் கேமராவும் கையுமாகத் திரிகிற நண்பர்கள் எல்லோருக்கும் இது போய்ச் சேர வேண்டும். வட அந்தமானில் காட்டுயிர், கடற்கரைப் படம் எடுக்கக் கூட்டிப்போகிறோம் என்று புதுச்சேரியில் ஒரு டூர் ஆபீஸ் பணம் வாங்குகிறது. நானும் கடலூர் நண்பர்கள் சிலரும் தலைக்கு 46,000 ரூபாய் கட்டினோம். விமான டிக்கெட் அதில் சேராது. புகார் கொடுத்திருப்பதால் ஆபீஸ் பெயரை இங்கே போடவில்லை. அவர்கள் ஏமாற்றுகிற முறை தெரிந்தாலே போதும், நீங்கள் தப்பித்துக்கொள்ளலாம்.

போஸ்டரில் மூன்று படங்கள். ராஸ், ஸ்மித் என்ற இரட்டைத் தீவுகளை இணைக்கும் வெள்ளை மணல் திட்டு, காலிப்பூர் கரையில் முட்டையிடும் ஏழுவரி ஆமை, நார்கொண்டம் இருவாச்சிப் பறவை. மூன்றும் அந்தப் பக்கத்தில் உண்மையிலேயே இருப்பவைதான். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

பிப்ரவரியில் பயணம் என்று பேசி, தீபாவளி முடிந்த கையோடு முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டார்கள். பொங்கல் கழிந்ததும் போன் வந்தது. "பேட்ச் ஃபுல் ஆகல சார், மே கடைசிக்கு மாத்திட்டோம்." ஆமை சீசன் போய்விடுமே என்று கேட்டதற்கு, "ஆமை என்ன சார், காலண்டர் பாத்தா வருது? அங்க எப்பவும் வரும்" என்று பதில். பணத்தைத் திருப்பிக் கேட்டால், ஓட்டலுக்குக் கட்டியாச்சு, ஒரு பைசா வராது என்றார்கள்.

ஆமை காலம் பார்த்துத்தான் வரும். நம் கடலூர்க் கரையில் பங்குனி ஆமை தை மாதம் தொடங்கிக் கரையேறுவதும், வனத்துறையினர் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைப்பதும் இங்கே மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கே தெரியும். காலிப்பூரிலும் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரிதான் முக்கியமான மாதங்கள். மே கடைசி என்றால் தென்மேற்குப் பருவமழை. கேரளத்துக்கு முன்பே அது அந்தமானைத் தொட்டுவிடும். காற்று கிளம்பிவிட்டால் படகே விடமாட்டார்கள். வருஷா வருஷம் ஆள் கூட்டிப்போகிறவர்களுக்கு இது தெரியாது என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்.

அடுத்தது ராஸ் தீவு. இதைக் கவனமாகப் படியுங்கள். அந்தமானில் ராஸ் என்ற பெயரில் இரண்டு தீவுகள் உண்டு. ஒன்று போர்ட் பிளேருக்கு, அதாவது இன்றைய ஸ்ரீ விஜயபுரத்துக்கு, எதிரிலேயே இருக்கிறது. பிரிட்டிஷ்காரர்களின் இடிந்த கட்டடங்கள், மான், மயில் எல்லாம் அங்கேதான். 2018இல் அதற்கு நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் தீவு என்று பெயர் மாற்றினார்கள். இன்னொன்று வடகோடியில், திக்லிபூர் பக்கம், ஸ்மித் தீவோடு மணலால் சேர்ந்திருப்பது. வேறு வழியில்லாமல் மே கடைசியில் கிளம்பிப் போன எங்களை, முதல் நாளே முன்னதுக்குக் கூட்டிப்போய் மான்களைக் காட்டி, "ராஸ் ஐலண்ட் முடிஞ்சுது" என்று தாளில் டிக் அடித்துவிட்டார் கைடு. போஸ்டரைக் காட்டிச் சண்டை போட்ட பிறகுதான் வடக்கே வண்டி கிளம்பியது. அதற்குள் திக்லிபூருக்கென்று ஒதுக்கிய நாட்களில் பாதி போய்விட்டது.

வழியில் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஜிர்க்காட்டாங் செக்போஸ்ட்டிலிருந்து ஜாரவா பழங்குடி மக்களின் காட்டு வழியாக வண்டிகளைக் கான்வாயாகத்தான் விடுவார்கள். இடையில் நிறுத்தக் கூடாது, படம் எடுக்கவே கூடாது. "ஆளுக்கு ஆயிரம் குடுங்க சார், டிரைவரை ஸ்லோ பண்ணச் சொல்றேன்" என்றார் கைடு. அந்த மக்களைப் படம் எடுப்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பழங்குடியினர் பாதுகாப்புக்காக 1956இலேயே போட்ட ஒழுங்குவிதி இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், அவர்கள் வீட்டுக்குள் நுழைந்து அவர்களையே வேடிக்கைப் பொருளாக்குவதற்கு விலை பேசுகிறார் ஒரு மனிதர். நாங்கள் எல்லோரும் கேமராவைப் பைக்குள் வைத்துப் பூட்டினோம்.

காலிப்பூரில் பொரிப்பகத்தின் மூங்கில் வேலி மட்டும் நின்றது. உள்ளே மணலைக் கிளறிச் சமன் செய்திருந்தார்கள். அங்கிருந்த காவலர், இனி டிசம்பரில் வாருங்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அதற்குப் பிறகும் கைடு, தேடிப் பார்க்கலாம் என்று செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டே கரையில் நடந்தார். வெள்ளை வெளிச்சம் பட்டால் முட்டையிட வரும் தாய் ஆமை கடலுக்கே திரும்பிவிடும். ஆமை டூர் நடத்துகிறவருக்கு இதுகூடத் தெரியவில்லை.

மணல் திட்டுக்கு ஏரியல் பே துறையில் அனுமதி வாங்கிக்கொண்டு படகில் போக வேண்டும். நல்ல வேளையாக ஒரு நாள் காற்று அடங்கியது. ஆனால் வண்டி வரவில்லை என்று எங்களை லாட்ஜிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். நாங்கள் துறைக்குப் போனபோது மற்ற குழுக்கள் படம் எடுத்து முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தன. நம் கடலூர்க் கரையில் கடல்நீர் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இரண்டு மூன்று அடிதான் வித்தியாசம். அங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஆறடி வரைகூடப் போகும். நாங்கள் போய் நின்றபோது திட்டின் மேல் தொடையளவு தண்ணீர். பச்சை நீருக்கடியில் மணல் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. டிரைபாடை ஊன்றினால் காலடி மணலை அலை அரித்துக்கொண்டு போகிறது. நீர் வற்றும் நேரம் என்ன என்று கைடிடம் கேட்டால், "அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது சார்."

இருவாச்சியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அது நார்கொண்டம் தீவில் மட்டும் வாழ்கிறது. கரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், நடுக்கடலில், சரணாலயமாகக் காக்கப்படும் இடம். சாதாரண டூர் படகு அங்கே போவதில்லை. போஸ்டரில் இருந்த படத்தை இணையத்தில் தேடினேன். வேறொருவர் எடுத்தது, அவர் பெயரை வெட்டிவிட்டுப் போட்டிருக்கிறார்கள்.

ஊர் திரும்பி ஆபீஸுக்குப் போனால், "இயற்கை சார், நாங்க என்ன பண்ண முடியும்?" என்கிறார் முதலாளி. காட்டுயிர் படம் எடுக்கிற எவனும், விலங்கு வரவில்லை என்று பணம் திருப்பிக் கேட்கமாட்டான். வெறுங்கையோடு திரும்புவது எங்களுக்குப் பழக்கம். வராத மாதத்தில் வரும் என்று சொல்லி விற்றதற்கும், போகவே முடியாத தீவின் பறவையைக் காட்டிக் காசு வாங்கியதற்கும்தான் பணம் கேட்கிறோம். இதை அவரிடம் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்து, வக்கீல் நோட்டீஸும் அனுப்பியாயிற்று. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. எங்களிடம் போஸ்டரும் வாட்ஸ்அப் பேச்சும் பத்திரமாக இருக்கின்றன. நோட்டீஸ் போன மறுநாளே அவர்களுடைய இணையப் பக்கத்திலிருந்து பழைய போஸ்டர் காணாமல் போய்விட்டது.

இப்போது அதே மூன்று படங்களோடு புதுப் போஸ்டர் சுற்றுகிறது. ஏற்கெனவே அட்வான்ஸ் கட்டியவர்கள் இன்றே வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள்: எந்த ராஸ், எந்தத் தேதி, அன்று நீர் வற்றும் நேரம் எது, தேதி மாற்றினால் பணம் திரும்புமா. பதில் வரவில்லை என்றால் மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள். ஏற்கெனவே போய் ஏமாந்தவர்கள் ரசீதோடு எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே வழக்குப் போடுவோம்.