தொங்கு பூட்டா, கதவுலயே பதிச்ச பூட்டா?

ஊருக்குப் போறப்போ பெரிய தொங்கு பூட்டா மாட்டிட்டு நிம்மதியா கிளம்பிடுறோம், ஆனா தெருவுல போறவனுக்கு அது வீட்ல ஆள் இல்லன்னு போர்டு வச்ச மாதிரிதான். பூட்டு எவ்ளோ கனமா இருந்தாலும் திருடன் அதத் தொடவே மாட்டான், கம்பிய கொண்டிக்குள்ள விட்டு ஒரு நெம்பு, சின்ன ஸ்க்ரூ நாலும் மரத்தோட பேந்து வந்துடும், எங்க பக்கத்து வீட்ல பூட்டு பூட்டினபடியே கொண்டியோட தொங்கினத நானே பாத்தேன்.

கதவுக்குள்ள பதிக்கிற பூட்டுல ஆள் இருக்கா இல்லையான்னு வெளிய தெரியாது. விலை கூடதான், ஆசாரி கூலி வேற. ஆனா சும்மா இழுத்து சாத்திட்டுப் போயிடாதீங்க, அப்போ கதவு ஓரத்துல நீட்டிட்டு இருக்கிற ஸ்பிரிங் நாக்கு மட்டும்தான் மாட்டும், அத தள்ளித் திறந்துடலாம், சாவி போட்டுத் திருப்பினாதான் கெட்டி நாக்கு நிலைக்குள்ள இறங்கும். வாசலுக்கு இதையே போடுங்க, தொங்கு பூட்ட மொட்டை மாடி கதவுக்கு உள்பக்கமா மாட்டிக்கலாம்.