ஏடிஹெச்டி உள்ளவருக்கு ஏஐ: எங்கே கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது

புத்தக லேஅவுட் என் தொழில். திருச்சியில் வீட்டிலிருந்தே செய்கிறேன். பதிப்பகங்கள் அனுப்பும் பிரதியைப் பக்கங்களாக அமைத்து, புரூஃப் திருத்தங்களைப் போட்டு, அச்சுக்குப் போகும் பிடிஎஃப் ஆக்கிக் கொடுப்பேன். எனக்கு ஏடிஹெச்டி (கவனத்தையும் செயலையும் ஒழுங்குபடுத்துவதைக் கடினமாக்கும், மூளை வளர்ச்சி சார்ந்த ஒரு நிலை) இருப்பது முப்பது வயது தாண்டிய பிறகுதான் ஒரு மனநல மருத்துவர் மூலம் தெரிந்தது. சாட்ஜிபிடி 2022 நவம்பர் கடைசியில் வெளியானது. அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து ஏதாவது ஒரு ஏஐ (செயற்கை நுண்ணறிவு) கருவி என் அன்றாட வேலையில் இருந்துகொண்டே இருக்கிறது. புதிதாக டயக்னோசிஸ் ஆனவர்கள் "எந்த ஆப் நல்லது?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நமக்கு வேலை எந்த இடத்தில் தடைபடுகிறது என்று பார்த்துவிட்டு, அந்த இடத்துக்கு ஏற்ற கருவியைத் தேடுவதுதான் சரியான வரிசை என்பது என் அனுபவம்.

ஒரு வேலையைத் தொடங்குவது, அடுத்தடுத்த படிகளை மனதில் வைத்திருப்பது, நேரத்தைக் கணிப்பது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது, எரிச்சலும் பயமும் வரும்போது நிதானமாக இருப்பது, எடுத்ததை முடிப்பது. இவை அனைத்தையும் சேர்த்து எக்ஸிக்யூட்டிவ் ஃபங்ஷன் என்கிறார்கள். ஏடிஹெச்டியைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி, இதில் அறிவுக் குறை எதுவும் இல்லை, தெரிந்ததைச் செய்வதில்தான் சிக்கல் என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். உதவி வேலை நடக்கும் இடத்திலேயே, அந்த நேரத்திலேயே கிடைக்க வேண்டும் என்பதும் அவர் வாதம். ஏஐ எனக்குப் பயன்படுவதற்கு முக்கியக் காரணம் அதுதான். ராத்திரி பதினோரு மணிக்கு, திறந்த கோப்பின் முன்னால் கை நகராமல் உட்கார்ந்திருக்கும்போது அது கிடைக்கிறது.

முதலில் தொடங்குவதைப் பற்றி. எனக்கு அதிகம் அடைபடுவது இங்கேதான்.

பதிப்பகத்துக்கு பில் அனுப்புவது பத்து நிமிட வேலை. ஆனால் அதற்குள் போன பில்லின் எண்ணைத் தேடுவது, பக்கங்களை எண்ணுவது, போன முறை பேசிய ரேட் எது என்று வாட்ஸ்அப்பில் பார்ப்பது, டிடிஎஸ் பிடித்தம் போக எவ்வளவு வரும் என்று கணக்குப் போடுவது, மெயில் எழுதுவது எல்லாம் இருக்கிறது. 'பில் அனுப்பணும்' என்று டைரியில் எழுதி வைத்தால் இவை அனைத்தும் ஒரே மொத்தையாக நிற்கும். எதைப் பிடித்து இழுப்பது என்று தெரியாது. முடித்த வேலைக்கான காசு வாரக்கணக்கில் வராமல் கிடக்கும்.

இதற்கு நான் முதலில் பயன்படுத்தியது காப்ளின் டூல்ஸ். பெல்ஜியத்தைச் சேர்ந்த பிராம் டி பைசர் என்ற மென்பொருள் பொறியாளர், நியூரோடைவர்ஜென்ட் மக்களை, அதாவது ஏடிஹெச்டி, ஆட்டிசம் போல மூளை வேறு விதமாக இயங்குபவர்களை, மனதில் வைத்து உருவாக்கிய சிறு கருவிகளின் தொகுப்பு இது. இணையத்தில் இலவசம், விளம்பரம் கிடையாது. அதில் மேஜிக் டூடூ என்ற பகுதியில் ஒரு வேலையை எழுதினால், அதைச் சின்னச் சின்னப் படிகளாக உடைத்துத் தரும். எவ்வளவு நுணுக்கமாக உடைக்க வேண்டும் என்பதை மிளகாய்களின் எண்ணிக்கையால் சொல்லலாம். மிளகாய் கூடக் கூட படிகளும் கூடும். 'மாத பில் அனுப்பு' என்று போட்டால் 'முந்தைய பில் கோப்பைத் திற' என்று முதல் வரி வரும். அதைப் படித்ததும் கை தானாக மவுஸுக்குப் போகும். அந்த ஒரு வரிக்காகவே இந்தக் கருவியை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஆனால் மிளகாயைக் கூட்டினால் பட்டியல் நீண்டுவிடும். நீண்ட பட்டியலைப் பார்த்தாலே சிலருக்கு, எனக்கும், பழைய அடைப்பு திரும்ப வந்துவிடும். அதனால் கடினமான நாட்களில் சாதாரண சாட் கருவியில் வேறு மாதிரி கேட்கிறேன். அந்தக் கட்டளையை அப்படியே தருகிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்: "எனக்கு ஏடிஹெச்டி இருக்கு. முழுத் திட்டம் வேண்டாம். இரண்டு நிமிஷத்துல முடியிற முதல் வேலையை மட்டும் ஒரே வரியில சொல்லு. நான் 'ஆச்சு' சொன்ன பிறகு அடுத்தது. பாராட்ட வேண்டாம்."

கடைசி வரி எனக்கு அவசியம். இல்லாவிட்டால் ஒவ்வொரு படிக்கும் "அருமை! நீங்கள் மிகச் சிறப்பாகச் செய்கிறீர்கள்!" என்று வரும். ஒரு கோப்பைத் திறந்ததற்கு அவ்வளவு பாராட்டு கிடைத்தால், வேலையின் மேல் வந்த கவனம் கலைந்துவிடுகிறது. பாராட்டு பிடித்தவர்கள் வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் நினைவு. காலையில் எழுந்ததும் தலைக்குள் பத்து விஷயம் ஒரே நேரத்தில் ஓடும். அதை எழுதி ஒழுங்குபடுத்த உட்கார்வதற்குள் பாதி மறந்துவிடும். இங்கே குரல் உள்ளீடு எனக்குப் பெரிய வரம். கூகுளின் ஜெமினி செயலி 2024 ஜூனில் தமிழ் உள்ளிட்ட ஒன்பது இந்திய மொழிகளோடு இந்தியாவுக்கு வந்தபோதுதான் இதைத் தமிழில் செய்து பார்க்கலாம் என்று தோன்றியது. இப்போது எந்த சாட் கருவியாக இருந்தாலும் படுக்கையில் இருந்தபடியே பேசிவிடுகிறேன்: "கரண்ட் பில் கட்டணும், பையனுக்கு ஸ்கூல்ல சார்ட் கேட்டாங்க, கேஸ் புக் பண்ணணும், கவிதைத் தொகுப்பு இரண்டாம் புரூஃப் இன்னும் போடல, அம்மாவுக்கு சுகர் மாத்திரை முடியப்போகுது." பேசி முடித்ததும், இன்றே செய்ய வேண்டியது, இந்த வாரத்துக்குள் செய்தால் போதுமானது என்று பிரித்துத் தரச் சொல்வேன். ஒரு நாள் அது திருப்பிக் கேட்டது: "மாத்திரை இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கிறது?" நான் போய் டப்பாவைத் திறந்து பார்த்தேன். மறுநாள் காலைக்கு மட்டும்தான் இருந்தது. பட்டியலில் கடைசியாகச் சொன்னது முதல் வேலையாக மேலே வந்தது. எது அவசரம் என்று எடைபோடும் வேலையை அன்று எனக்காக அது செய்தது.

தமிழ்ப் பேச்சை எழுத்தாக்குவதில் தப்பு வரத்தான் செய்கிறது. வட்டார வழக்கில் வேகமாகப் பேசினால், ஊர்ப் பெயர் சொன்னால், 'புரூஃப்', 'ஃபாரம்' போன்ற தொழில் வார்த்தைகள் கலந்தால் ஏதேதோ எழுதிக்கொள்ளும். ஆகவே, பிரித்துத் தந்ததை ஒரு முறை படித்துப் பார்க்காமல் நம்பக்கூடாது.

எழுத்தாளர்கள் அனுப்பும் திருத்தங்களைத் தொகுப்பதிலும் ஏஐ எனக்கு உதவுகிறது. சிலர் புரூஃப் தாளில் குறிப்பார்கள், சிலர் மெயிலில், சிலர் வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக. நடுவில் "போன புத்தகம் நன்றாக வந்திருந்தது" என்பதும் இருக்கும், "அட்டையைப் பற்றிப் பிறகு பேசலாம்" என்பதும் இருக்கும். இதிலிருந்து திருத்தங்களை மட்டும் பக்க எண்ணோடு பிரித்து எடுக்கச் சொல்கிறேன். ஆனால் எண்ணிப் பார்க்காமல் வேலை தொடங்குவதில்லை. நான் பயன்படுத்திய ஒரு செயலி ஒரு திருத்தத்தை விட்டுவிட்டு, இன்னொன்றுக்குப் பக்க எண்ணை மாற்றிப் போட்டிருந்தது, அதுவும் கொஞ்சமும் தயங்காத தொனியில். நீளமான செய்தியைப் படிக்கும்போது கவனம் நழுவுவதால்தான் கருவியின் உதவியை நாடுகிறோம். அந்தக் கருவியையே சரிபார்க்க அதே கவனம் தேவைப்படுகிறது. இந்த முரணுக்கு இன்னும் முழுத் தீர்வு இல்லை. மூலச் செய்தியில் திருத்தங்களைப் பேனாவால் எண்ணிட்டுக்கொண்டு ஒப்பிடுவது மட்டுமே எனக்குத் தெரிந்த வழி.

கோவையில் என் தோழி ஒருவர் இருக்கிறார், ஆட்டிசம் உள்ளவர், மொழிபெயர்ப்பாளர். அவருக்கு 'முதல் அடி மட்டும்' என்ற என் முறை துளியும் ஒத்துவரவில்லை. அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் ஒரு அடி எடுத்து வைப்பது அவருக்குப் பதற்றம் தரும். வங்கிக்குப் போக வேண்டுமானால், எந்த கவுன்டர், என்ன கேட்பார்கள், என்ன தாள்கள் கையில் இருக்க வேண்டும், "நாளைக்கு வாங்க" என்று சொன்னால் என்ன பதில் சொல்வது என்று முழுவதையும் ஏஐயோடு ஒத்திகை பார்த்துக்கொள்கிறார். காப்ளின் டூல்ஸில் ஒரு செய்தியின் தொனியை எடைபோட்டுச் சொல்லும் ஜட்ஜ் என்ற பகுதி இருக்கிறது. நாம் எழுதியதை வேறு தொனிக்கு மாற்றித் தரும் ஃபார்மலைசரும் இருக்கிறது. அவர் தினமும் பயன்படுத்துவது இவற்றைத்தான். கருவி ஒன்றுதான், தேவைகள் நேரெதிர். 'நியூரோடைவர்ஜென்ட் ஆட்களுக்கான சிறந்த ஏஐ' என்று ஒன்றைத் தூக்கிக் காட்டும் காணொளிகளை நான் நம்பாததற்கு இதுவே காரணம்.

எனக்கும் தொனி விஷயத்தில் உதவி தேவைப்படுவதுண்டு. "முடிஞ்சா இன்னைக்கு பேசலாமா" என்று ஒரு பதிப்பாளர் அனுப்பினால் வயிறு கலங்கும், மதியம் வரை வேறு வேலை ஓடாது. அந்தச் செய்தியை ஏஐயிடம் காட்டி வேறு என்னென்ன அர்த்தம் இருக்கலாம் என்று கேட்டால் பயம் கொஞ்சம் அடங்கும். ஆனால் இதில் எச்சரிக்கை வேண்டும். இந்தக் கருவிகளுக்கு நம் பக்கமே சாயும் குணம் உண்டு. 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே, பயனர்களை அளவுக்கு மீறிப் புகழ்கிறது என்று தன் மாடலின் ஒரு புதுப்பிப்பைத் திரும்பப் பெற்றது. மனக்கலக்கத்தோடு போய் "அவங்க என்னை மட்டம் தட்டுறாங்கதானே?" என்று கேட்டால், ஆமாம் என்று தலையாட்டவும் அது தயங்காது. உறவுச் சிக்கல்களையும் மருந்து பற்றிய கேள்விகளையும் நான் அதனிடம் கொண்டுபோவதில்லை. மருந்துக்கு என் மருத்துவர் இருக்கிறார்.

நேரத்தைப் பொறுத்தவரை ஏஐ பலவீனம். நீங்கள் சாட்டை மூடிவிட்டு மூன்று மணி நேரம் வேறெங்கோ மூழ்கிவிட்டாலும் அது பாட்டுக்குக் கிடக்கும். சாட்ஜிபிடியில் 2025 ஜனவரியில் நேரம் குறித்து நினைவூட்டும் வசதி வந்தது. எனக்கு இன்னும் சமையலறை டைமரின் மணிதான் வேலை செய்கிறது. எழுந்து போய் நிறுத்தியாக வேண்டும் என்பதால்.

ஒரு வேலைக்கு எவ்வளவு நேரமாகும் என்று ஏஐயிடம் கேட்டால், தடுமாறாத ஒருவர் நேராக உட்கார்ந்து செய்தால் ஆகும் நேரத்தைச் சொல்லும். அதை நம்பி நாள் சொன்னால் கெட்டது கதை. இதற்கு ஒரு வழி கிடைத்தது. 16 பக்க ஃபாரம் ஒன்றை முடிக்க எனக்கு உண்மையில் ஆகும் நேரத்தைத் தொடர்ந்து குறித்து வைத்தேன். கவிதைக்கு ஒரு கணக்கு, அட்டவணையும் அடிக்குறிப்பும் நிறைந்த ஆய்வு நூலுக்கு வேறு கணக்கு. இந்தக் குறிப்பைக் கொடுத்து, இதை வைத்து மட்டும் கணக்கிடச் சொன்னால் வரும் தேதி பெரும்பாலும் பொருந்துகிறது. புதிதாகப் பயன்படுத்துபவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். உங்கள் சொந்தக் கணக்கு இல்லாமல் அதனிடம் நேரம் கேட்காதீர்கள்.

இன்னொரு ஆபத்து, திட்டமிடுவதே வேலை ஆகிவிடுவது. கேட்கக் கேட்கப் புதுத் திட்டம், புது அட்டவணை, புதுப் பெயர் என்று அது சலிக்காமல் தரும். புதுமையைத் தேடும் ஏடிஹெச்டி மனதுக்கு இதைவிட வசதியான ஒளிவிடம் கிடைக்காது. வேலை தொடங்கியதுபோல ஒரு திருப்தியும் வந்துவிடும். இரண்டு முறை கேட்டும் கை வேலைக்குப் போகவில்லை என்றால் சாட்டை மூடிவிட்டு ஆள் தேடுகிறேன். பெரும்பாலும் அந்தக் கோவைத் தோழிதான். வீடியோ காலில் இருவரும் பேசாமல் அவரவர் வேலையைச் செய்வோம். பாடி டபுளிங் என்று இதற்குப் பெயர். இதற்கென்றே முன்பின் தெரியாத இருவரை இணைத்துவிடும் ஃபோக்கஸ்மேட் போன்ற சேவைகளும் உண்டு. இந்த இடத்தில் எந்த ஏஐயும் அருகில்கூட வரவில்லை. எதிரில் ஒரு மனுஷி உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் அங்கே வேலை செய்கிறது.

நம் நாட்டில் இந்தக் கருவிகளுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் பட்டியலிடப்பட்டுள்ளன. ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளும் அதில் இருக்கின்றன. ஏடிஹெச்டி தனியாக இல்லை. அலுவலகத்தில் போய் "செய்ய வேண்டியதை எனக்கு எழுத்தில் கொடுங்கள், நடுநடுவே கெடு வையுங்கள்" என்று கேட்க உறுதியான பிடிமானம் எதுவும் இல்லாத ஒருவருக்கு, போனில் இருக்கும் இலவசச் செயலிதான் கிடைத்த ஒரே வசதி. அது எனக்கு வருத்தமான விஷயம். கருவி நன்றாக இருக்கிறது என்பதால் மனிதர்கள் செய்ய வேண்டிய ஏற்பாடுகள் தேவையில்லை என்று ஆகிவிடக் கூடாது.

பணம், அந்தரங்கம் பற்றிச் சுருக்கமாக: மேலே நான் செய்வதாகச் சொன்ன எல்லாவற்றுக்கும் இலவசப் பதிப்பே போதும். உரையாடல்களை மாடலின் பயிற்சிக்கு எடுக்காமல் இருக்கச் செட்டிங்ஸில் வழி இருக்கிறதா என்று பார்த்து அணைத்துவிடுங்கள். வீட்டார் பெயர், மருந்தின் பெயர், வங்கி விவரம் எதையும் நான் கொடுப்பதில்லை. எழுத்தாளர்களின் பிரதியை அவர்கள் அனுமதியில்லாமல் ஏற்றுவதும் இல்லை. அது அவர்கள் உழைப்பு.

கடைசியாக, முடிப்பது. தொண்ணூறு சதவீதம் முடிந்த வேலையின் மேல் ஆர்வம் வடிந்துவிடும். அந்த இடத்தில் ஏஐ பாதி தூரம்தான் வருகிறது. எழுத்துருக்கள் எம்பெட் ஆகியிருக்கின்றனவா (பிடிஎஃப்புக்குள்ளேயே சேர்ந்திருக்கின்றனவா), படங்களுக்கு ப்ளீட் (வெட்டும்போது விளிம்பில் வெள்ளை தெரியாமலிருக்க விடும் கூடுதல் ஓரம்) விட்டிருக்கிறதா, பொருளடக்கத்துப் பக்க எண்கள் சரியா, ஐஎஸ்பிஎன் இருக்கிறதா என்று அனுப்பும் முன் பார்க்க வேண்டிய பட்டியலை அதனோடு சேர்ந்து தயாரித்தேன். ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் உட்கார்ந்து அந்தப் பட்டியலைப் பார்க்க வைப்பது வேறொன்று. அச்சகத்துக்கு நானே முன்கூட்டி போன் போட்டு, "நாலு மணிக்கு ஃபைல் வந்துடும் அண்ணே" என்று சொல்லிவிடுகிறேன். அவர் பிளேட் போட ஆளை நிறுத்தி வைத்திருப்பார் என்று தெரியும். மூன்றரைக்குள் பட்டியலைப் பார்த்து முடித்துவிடுகிறேன்.