14 போன், ஒரே ஒரு வரி: கிளிநொச்சியில் எனக்கு உதவிய சட்டத்தரணி அலுவலகம்

பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். மாசி மாதம் பொலிஸார் நீதவானின் சோதனை ஆணையோடு வந்தார்கள். களவுபோன போன் ஒன்று என் கடையில் இருக்கிறதாம். திருத்தத்துக்கு வந்திருந்த 14 போன்களையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போனார்கள். அவர்கள் எழுதியது ஒரு வரிதான்: ‘கைத்தொலைபேசிகள் 14’. நான் பதற்றத்தில் பேசாமல் நின்றேன்.

அடுத்த நாள் நீதிமன்றத்துக்குக் கிட்ட உள்ள இந்த அலுவலகத்துக்குப் போனேன். சட்டத்தரணி முதலில் கேட்டது, “தம்பி, லிஸ்டின்ர கொப்பி கேட்டு வாங்கினனீங்களோ?”

“இல்லை மிஸ். அப்பிடி ஒண்டு இருக்கெண்டே தெரியாது.”

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டக்கோவையை எடுத்து, அந்த இடத்தைத் தமிழில் விளக்கினார். சோதனை செய்பவர் எடுத்த பொருள் ஒவ்வொன்றையும், அது எந்த இடத்தில் கிடைத்தது என்பதையும் பட்டியலாக எழுதிக் கையொப்பமிட வேண்டும். இடத்துக்குரியவர் சோதனையின்போது கூடவே நிற்கலாம். கேட்டால் அவருக்குப் பிரதி கொடுக்க வேண்டும். அந்தக் ‘கேட்டால்’ என்ற சொல் எனக்கு அன்று தெரிந்திருந்தால்!

களவுப் பொருள் என்று சந்தேகித்து எடுத்ததை உடனே நீதவானுக்கு அறிவிக்க வேண்டும், யாரிடம் ஒப்படைப்பது என்று அவர்தான் கட்டளையிடுவார் என்றும் சொன்னார். ஆகவே நாங்கள் பொலிஸ் நிலையத்துக்கு அலையவில்லை, போன்களைத் திருப்பித் தரும்படி நேரே நீதிமன்றத்தில் நகர்த்தல் பத்திரம் (மன்றிடம் கட்டளை கேட்கும் எழுத்துக் கோரிக்கை) போட்டோம். அதற்கு முதல் என் பில் புத்தகத்தை வைத்து இரண்டு மணித்தியாலம் என்னோடு இருந்து, போனின் பெயர், நிறம், ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள ஐ.எம்.இ.ஐ. இலக்கம், எந்த லாச்சியில் இருந்தது என்று 14க்கும் தனித்தனியாக எழுதுவித்தார். அந்தப் பொறுமைக்காகவே இதை எழுதுகிறேன்.

13 போன்கள் திரும்பி வந்தன. ஒன்று சான்றுப்பொருளாக நீதிமன்றத்தில் இருக்கிறது. வந்தவற்றில் ஒன்றில் மெமரி காட் இல்லை. றெட்பானாப் பக்கத்து அம்மா ஒருவரின் போன் அது. மகனின் குரல் அந்த மெமரி காட்டில்தான் இருந்தது. பில்லில் நான் அதைக் குறிக்கவில்லை, பொலிஸாரின் ஒரு வரியிலும் இல்லை. சட்டத்தரணி மன்றில் எடுத்துச் சொல்லியும் காட்ட எங்களிடம் எழுத்தில் ஒன்றும் இருக்கவில்லை. அந்த அம்மாவிடம் போய்ச் சொன்ன நாள் எனக்கு மறக்காது.

குறை என்றால் காத்திருப்புத்தான். காலையில் அவர் மன்றில் நிற்பார், போன் எடுக்கமாட்டார். பின்னேரம் இரண்டரைக்குப் பிறகு போவது நல்லது. கட்டணத்தை முதலிலேயே சொல்லிவிட்டார், பிறகு கூட்டிக் கேட்கவில்லை, ரசீதும் தந்தார். கடைக்காரர் போவதென்றால் பில் புத்தகத்தை மறக்காமல் கொண்டு போங்கள். நான் இப்போது பில்லில் சிம், மெமரி காட், கவர் மூன்றுக்கும் தனிக்கட்டம் அடித்து வைத்திருக்கிறேன்.