பைக் பேனல் நிறம் மாற்ற: பெயின்டா, ராப் ஸ்டிக்கரா?

பெயின்டில் பாதி உழைப்பு டப்பாவைத் திறக்கும் முன்பே வந்துவிடும். பேனலைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள்; பெரும்பாலும் ஏபிஎஸ் (ABS) அல்லது பிபி (PP) என்று பிளாஸ்டிக்கின் வகை அச்சிட்டிருக்கும். ஏபிஎஸ் பெயின்டை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். பிபி மெழுகு மாதிரி வழுவழுப்பு. அதற்கென்றே உள்ள பிளாஸ்டிக் பிரைமர் போடாமல் அடித்தால், நகத்தால் சுரண்டினாலே தோல் தோலாக உரிந்து வரும். சோப்புப் போட்டுக் கழுவி, 600 நம்பர் வாட்டர் பேப்பரால் பளபளப்பு மங்கும்வரை தேய்த்து, பிரைமர் அடிக்க வேண்டும். அப்புறம் நிறத்தை மெல்லிய பூச்சுகளாக ஏற்றலாம். பெட்ரோல் சிந்தும் இடத்தில் ஹார்டனர் (பூச்சை இறுக வைக்கும் திரவம்) கலந்த கிளியர் கோட்தான், அதாவது நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சுதான், தாங்கும். அந்தப் புகை நுரையீரலைக் கெடுக்கும், தகுந்த மாஸ்க் இல்லாமல் தயவுசெய்து தொடாதீர்கள்.

ராப் என்பது பேனல் மேல் ஒட்டும் நிற ஸ்டிக்கர் தாள். அதில் இந்தத் தொல்லை இல்லை. பிடிக்கவில்லையா, சூடு காட்டி உரித்துவிடலாம். அடியில் பழைய நிறம் இருக்கும். ஆனால் ஆழமான வளைவில் இழுத்து ஒட்டினால் சில நாளில் ஓரம் எழும்பும். சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக்கில் சரியாக ஒட்டவே ஒட்டாது.

தட்டையான சைடு பேனலுக்கு ராப் போதும். கீறல் விழுந்த, வளைவு நிறைந்த ஃபேரிங் (பைக்கின் முன்பக்கத்தை மூடும் பிளாஸ்டிக் கவசம்) என்றால் நான் பெயின்டைத்தான் சொல்வேன். ராப் அடியிலுள்ள கீறலை மறைக்காது, அப்படியே தடம் காட்டும்.