மெயில்பாக்ஸ் மாத்தப் போற எச்ஓஏ ஆளுங்க, இதைப் படிச்சுட்டு செக்ல கையெழுத்துப் போடுங்க

டல்லாஸ் பக்கத்துல ஒரு சப்டிவிஷன்ல இருக்கோம், மொத்தம் 96 வீடு. எச்ஓஏ, அதாவது வீட்டுக்காரங்க சங்கம், அதோட போர்டுல நான் ட்ரெஷரர், சம்பளம் எல்லாம் கிடையாது, வாலண்டியர் தான். நம்ம ஆளுங்க நிறைய பேர் இப்ப இந்த மாதிரி போர்டுல இருக்கீங்க, அதனாலதான் நடந்ததை ஒண்ணு விடாம எழுதுறேன்.

எங்க தெருவுல இருந்தது பழைய காலத்து கிளஸ்டர் பாக்ஸ், அதாவது பல வீட்டு மெயிலுக்கும் சேர்த்து சின்னச் சின்னக் கதவோட நிக்கிற ஒரே பெட்டி, கதவெல்லாம் துருப்பிடிச்சு, ஒரு ஸ்க்ரூ டிரைவர விட்டு நெம்பினா திறந்துக்கும். ரெண்டு தடவை ராத்திரியில உடைச்சு செக் திருடிட்டாங்க. மாத்தியே ஆகணும்னு மீட்டிங்ல எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. 16 கதவு பெட்டி ஆறு, ஒண்ணு 2,800 டாலர், கான்க்ரீட், பூட்டு எல்லாம் சேர்த்து 16,800-ன்னு ஒரு கான்ட்ராக்டர் கோட்டேஷன் கொடுத்தான். டெக்சஸ்ல 50,000 டாலருக்கு மேல போற வேலைக்குத்தான் எச்ஓஏ கட்டாயம் பிட் (போட்டிக் கோட்டேஷன்) கூப்பிடணும், நம்மது அதுக்குக் கீழதானேன்னு ஒரே கோட்டேஷன்ல முடிச்சுட்டோம். பாதி அட்வான்ஸ் 8,400, பெட்டி வந்து இறங்கினதும் 5,000, ரெண்டுமே செக். கிரெடிட் கார்டுல கட்டியிருந்தா டிஸ்ப்யூட்டாவது போட்டிருக்கலாம்.

வேலை ஆரம்பிச்ச அன்னைக்கு காலையில பழைய பெட்டி ஆறையும் பேத்து லாரியில ஏத்திட்டான், சாயங்காலத்துக்குள்ள புதுசு நின்னுடுச்சு, கறுப்பு கலர்ல பளபளன்னு, பார்க்க அவ்வளவு அழகு. எல்லாரும் போட்டோ எடுத்து வாட்ஸாப்ல போட்டாங்க. மறுநாள் மெயில் கொண்டு வர்ற அம்மா வண்டியை நிறுத்தி இறங்கி வந்து பெட்டியை முன்னாடியும் பின்னாடியும் பார்த்துட்டு, "இதுல எங்க ஆரோ லாக் மாட்ட இடமே இல்லையே, நான் எதைத் திறந்து போடுறது"ன்னு கேட்டுட்டு மெயில் மொத்தத்தையும் திருப்பி எடுத்துட்டுப் போயிட்டாங்க.

எனக்கு அப்பதான் விஷயமே புரிஞ்சது. கிளஸ்டர் பாக்ஸ்ல நம்ம சின்னக் கதவு ஒவ்வொண்ணுக்கும் நம்ம சாவி இருக்கும், ஆனா மொத்தத்தையும் ஒரே நேரத்துல திறக்குற பெரிய கதவு போஸ்ட் ஆபீஸுக்கானது, அதுக்கான பூட்டுதான் ஆரோ லாக். அதைக் கடையில வாங்க முடியாது, போஸ்ட் ஆபீஸ் தான் கொண்டு வந்து மாட்டும், சாவியும் அவங்ககிட்ட மட்டும் தான். இதே பெட்டி பார்க்க அச்சு அசலா ரெண்டு விதமா விக்கிறாங்க, ஒண்ணு யுஎஸ்பிஎஸ், அதாவது அமெரிக்க தபால் துறை, அப்ரூவ் பண்ணினது, இன்னொண்ணு பிரைவேட் உபயோகத்துக்கு, அதாவது ஆபீஸ் உள்ள ஸ்டாஃப் மெயில் பிரிக்கிறதுக்கு வைக்கிறது. அந்த ஆளு எங்க தலையில கட்டினது ரெண்டாவது. கோட்டேஷன்ல "16 கதவு கிளஸ்டர் பாக்ஸ்"ன்னு மட்டும் தான் இருந்தது, மாடல் நம்பரே இல்ல, நாங்களும் கேக்கல.

அதோட போகல. பழைய பெட்டிக்குள்ள இருந்த ஆறு ஆரோ லாக்கும் போஸ்ட் ஆபீஸ் சொத்து, அது எங்கன்னு சூப்பர்வைசர் கேட்டப்ப எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிடுச்சு. அன்னைக்கு ராத்திரி வரைக்கும் கான்ட்ராக்டருக்கு விடாம ஃபோன் பண்ணி, பூட்டு இருந்த அந்தக் கதவுகளை திரும்ப வாங்கினோம். அதுதான் அவன் கடைசியா எங்களுக்குப் பதில் சொன்னது.

23 நாள் எங்க தெருவுக்கு மெயில் கிடையாது. ஐடி எடுத்துக்கிட்டு போஸ்ட் ஆபீஸ்ல போய் வரிசையில நிக்கணும். எதிர் வீட்டுல 80 வயசு தாத்தா, வண்டி ஓட்ட மாட்டார், பிரஷர் மாத்திரை மெயில்ல தான் வரும், அவருக்காக ஆள் மாத்தி ஆள் போய் வாங்கி வந்தோம். பக்கத்து வீட்டுத் தம்பியோட மனைவிக்கு வொர்க் பெர்மிட் கார்டு வர வேண்டிய நேரம், டெலிவரி ஆகலைன்னா அது இமிக்ரேஷன் ஆபீஸுக்கே திரும்பிடும், அந்தப் பொண்ணு தினமும் கவுன்டர்ல போய் அழாத குறையா கேட்டுட்டு வந்தா. 11-வது நாள் கிடைச்சது. நான் அன்னைக்குத்தான் நிம்மதியா சாப்பிட்டேன்.

அதுக்கு நடுவுல ஒரு நாள் அவன் மாட்டின பெட்டியைக் கையால லேசா தள்ளிப் பார்த்தேன், ஆடுச்சு. குனிஞ்சு பார்த்தா பெட்டி நிக்கிற கால் (பெடஸ்டல்) அடியில ஓட்டை நாலு, போல்ட் ரெண்டு, அதுலயும் ஒண்ணுல நட்டு இல்ல, விரலை வச்சு சுத்தினா கழண்டு வருது. பார்சல் வைக்கிற கீழ் கதவுல குழந்தைங்க ஏறி நிக்கிற உயரம் அது.

நீங்க மாத்துறதா இருந்தா முதல்ல உங்க லோக்கல் போஸ்ட் ஆபீஸுக்குப் போங்க, இடம், மாடல் ரெண்டையும் காட்டி எழுத்துல ஓகே வாங்குங்க. பழைய பெட்டி யாரோடதுன்னும் கேளுங்க, சில இடத்துல அது போஸ்ட் ஆபீஸோடதாவே இருக்கும். ஆரோ லாக் மாட்ட என்னைக்கு வருவாங்கன்னு தேதி வாங்குற வரைக்கும் பழசுல கை வைக்க விடாதீங்க. கான்ட்ராக்ட்ல மாடல் நம்பரோட "யுஎஸ்பிஎஸ் அப்ரூவ்ட்"ன்னு வார்த்தையாவே இருக்கணும், பெரிய தொகை மெயில் வந்து விழுந்த அப்புறம் தான்னும் இருக்கணும். வீட்டுக்கு வீடு தனிப் பெட்டின்னா இந்தப் பூட்டுப் பிரச்சினை இல்ல, ஆனா ரோட்டுல இருந்து 41 முதல் 45 இன்ச் உயரம், கர்ப்ல (ரோட்டோர விளிம்புக் கல்) இருந்து 6 முதல் 8 இன்ச் உள்ள, இதை டேப் வச்சு நீங்களே அளந்து பாருங்க.

ரிசர்வ் ஃபண்ட்ல இருந்து எடுத்து அப்ரூவ் ஆன பெட்டி வாங்கி, வேற ஆளை வச்சு மாட்டியாச்சு, மெயில் வருது. குடுத்த 13,400-க்கு ஜஸ்டிஸ் கோர்ட்ல, அதாவது சின்னத் தொகை வழக்கு பார்க்கிற கோர்ட்ல, கேஸ் போட்டிருக்கோம், டெக்சஸ்ல 20,000 வரைக்கும் அங்கேயே போடலாம், ஹியரிங் அடுத்த மாசம். உங்ககிட்ட இப்ப ஏதாவது கோட்டேஷன் இருந்தா மாடல் நம்பரை கமென்ட்ல போடுங்க, பார்த்துச் சொல்றேன்.